தங்கச்சி முழுகாமல் இருக்கிறாள், மகனைக் குட்டி பிறாண்டிவிட்டது: பூனைகளைக் கொண்டுபோய் விடத்தான் வேண்டுமா?

லீக்ஸ் பாத்தி | தலவாக்கலைப் பக்கம் | வெள்ளி காலை

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் லயத்தில்தான் இருக்கிறோம். இரண்டு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, பின்னால் ஒரு துண்டு நிலம். அதில் லீக்ஸும் கரட்டும் போடுகிறோம். வீட்டில் ஆறு வருடமாகச் செவத்தி என்று ஒரு பெட்டைப் பூனை இருக்கிறது. மாவு வாளிக்கும் விதைக் கிழங்குக்கும் எலி வராமல் காப்பது அவள்தான். இந்த ஜூன் மழையில் இன்னொரு குட்டி எங்கிருந்தோ வந்து விறகுக் கட்டுக்குள் ஒதுங்கியது. மூன்று மாதம் இருக்கலாம். என் மகனுக்கு ஏழு வயது. இரண்டாம் நாளே அதைத் தன் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு தூங்க ஆரம்பித்துவிட்டான். குளிருக்கு இரண்டு பேருக்கும் இதமாக இருக்கிறதே என்று நானும் பேசாமல் விட்டேன்.

முந்தாநாள் பின்னேரம் குட்டியைக் குளிப்பாட்டப் போகிறேன் என்று பீலித் தண்ணீரில் பிடித்திருக்கிறான். அது மணிக்கட்டில் நன்றாகப் பிறாண்டிவிட்டது. நீளமான கீறல், இரத்தம் துளிர்த்தது. தண்ணீரில் கழுவி மஞ்சள் வைத்தேன். இப்போது காய்ந்துவிட்டது.

அது போக, ஒரு கிழமையாக அவன் மேல்கையில் ஒரு வட்டம். ஓரம் சிவந்து, நடுவில் வெளுத்து, சொறிந்துகொண்டே இருக்கிறான். டவுன் மருந்துக்கடை ஒன்றில் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் பூசினேன். இரண்டு நாள் சிவப்பு குறைந்தது, அப்புறம் முன்னைவிடப் பெரிதாகிவிட்டது. குட்டியின் இடது காதோரத்திலும் ஒரு ரூபாய் அளவுக்கு முடி உதிர்ந்திருக்கிறது.

இந்த நேரம் பார்த்துத் தங்கச்சி வீட்டுக்கு வந்திருக்கிறாள். நாலு மாதம். பூனை இருக்கும் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பிள்ளைக்குக் குறை வரும் என்று யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். நேற்று அம்மா அண்ணனிடம் சொல்லிவிட்டார்: ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் சாக்கில் கட்டிச் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடு என்று. மகன் அழுதுகொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டான். பூனைக்குப் பறவைக் காய்ச்சல் வருகிறது என்று அண்ணன் பேஸ்புக்கில் வேறு படித்திருக்கிறார். மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்கலாம் என்றால் அடுத்த கிளினிக்குக்கு இரண்டு கிழமை இருக்கிறது.

எனக்கு அம்மாவை எதிர்த்துப் பேச விருப்பமில்லை. தங்கச்சிக்கு இது முதல் பிள்ளை. அதற்கு ஒன்று வந்துவிட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய மருந்துக்காரர் | ஹட்டன்

மகள், மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். பையனை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். விசர்நாய்க்கடி நோய் நாயிடமிருந்து மட்டும் வருவதில்லை, பூனையிடமிருந்தும் வரும். பூனை தன் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிற பிராணி, அதனால் நகத்திலும் எச்சில் இருக்கும். இரத்தம் வந்த கீறலைச் சின்னக் காயம் என்று நினைக்கக்கூடாது.

போவதற்கு முன்னால் மஞ்சளைக் கழுவி எடுத்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள். இரண்டு நாள் கழிந்துவிட்டதே என்று விடாதீர்கள். ஊசி அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். எத்தனை ஊசி, சீரமும் வேண்டுமா என்பதைக் காயத்தைப் பார்த்து டொக்டர் முடிவு செய்வார்.

இன்னொன்று. அண்ணனிடம் கையைப் பிடித்துச் சொல்லுங்கள், அந்தக் குட்டியை எங்கேயும் கொண்டுபோகக்கூடாது. ஏன் என்று போய் வந்த பிறகு எழுதுகிறேன்.

மாட்டு டொக்டரம்மா | நுவரெலியா மாவட்டம்

ஐயா சொன்னதை முதலில் செய்யுங்கள் அக்கா. அதை முடித்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நான் பேராதனையில் மிருக வைத்தியம் படித்தவள். இங்கே எனக்குப் பெரும்பாலும் கறவை மாடுகள்தான். பூனையைக் கொண்டுவருகிறவர்கள் மாதத்துக்கு நாலைந்து பேர். அவர்களிலும் பாதிப் பேர் உங்களைப் போல, பூனையால் வீட்டில் யாருக்காவது ஏதும் வந்துவிடுமோ என்ற பயத்தில் வருகிறவர்கள். அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஆசை.

கையில் உள்ள வட்டம் படர்தாமரை மாதிரித்தான் தெரிகிறது. பெயரில் தாமரை, ஆங்கிலத்தில் புழு என்பார்கள், ஆனால் இது ஒரு பங்கசு. பூனைகளில் அதிகம் காணப்படுவது மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற வகை. குட்டிப் பூனைகளுக்கு லேசாகத் தொற்றும், அவற்றிடமிருந்து பிள்ளைகளுக்கும் தொற்றும். தொட்டு ஒன்றிலிருந்து மூன்று கிழமைக்குள் வட்டம் தெரியும். குட்டி வந்த நாளைக் கணக்குப் பண்ணிப் பாருங்கள், பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் வாங்கிய டியூப்பின் பெயரைப் பாருங்கள். அதில் பீட்டாமெத்தசோன் அல்லது குளோபெட்டசோல் என்று இருந்தால் உடனே நிறுத்துங்கள். அவை ஸ்டீரொய்ட். அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிடும், அந்த மறைவில் பங்கசு நன்றாகப் பரவும். இரண்டு நாள் குறைந்து அப்புறம் பெரிதானது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குப் பட்டது இதுதான். ஊசிக்குப் போகும்போது அந்த வட்டத்தையும் டொக்டரிடம் காட்டுங்கள். தலையிலும் எங்கேயாவது முடி உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். தலையில் வந்தால் பூச்சு மருந்து போதாது, குடிக்கிற மருந்து வேண்டும்.

பெரிய வேலை கம்பளிதான். உதிர்ந்த முடியில் ஒட்டியிருக்கும் இந்தப் பங்கசின் வித்து ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடியது. பையனுக்கும் பூனைக்கும் மருந்து போட்டுவிட்டுக் கம்பளியை விட்டுவிட்டால் அடுத்த மாதம் திரும்பவும் அதே வட்டம் வரும். கம்பளி, தலையணை உறை, அவன் ஸ்வெட்டர் எல்லாவற்றையும் தனியாகத் துவையுங்கள். ஒரு தடவையில் போகாது, இரண்டு மூன்று தடவை துவைக்க வேண்டும். தரையில் உள்ள முடியைக் கூட்டி அள்ளிய பிறகு குளோரின் கரைத்துத் துடையுங்கள். ஜூலையில் நம் பக்கம் கம்பளி காய்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். அடுப்பங்கரையில் கொடி கட்டியாவது காய வையுங்கள். செவத்தியையும் பரிசோதிக்க வேண்டும், ஏனென்றால் வளர்ந்த பூனை வெளியில் ஒன்றும் தெரியாமலே இதைச் சுமந்துகொண்டிருக்கும்.

அடுத்தது தெள்ளு. குட்டியின் வயிற்று முடியை விலக்கிப் பாருங்கள். கறுப்பாக மிளகுத்தூள் மாதிரி இருந்தால் ஈரப் பஞ்சில் எடுத்து வையுங்கள். பஞ்சு செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் எச்சம். பார்ட்டொனெல்லா ஹென்செலே என்று ஒரு பக்டீரியா தெள்ளால் பூனைக்குப் பூனை பரவுகிறது. அந்த எச்சம் நகத்தில் ஒட்டியிருக்கும்போது பூனை பிறாண்டினால் அது மனிதனின் காயத்துக்குள் போகும். பூனைக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. பிள்ளைக்குக் கீறின இடத்தில் ஒரு சின்னக் கட்டி வரும், ஒன்றிலிருந்து மூன்று கிழமைக்குள் அக்குளில் நெறி கட்டும், காய்ச்சலும் வரலாம். பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே ஆறிவிடும், தேவைப்பட்டால் அண்டிபயோட்டிக் கொடுப்பார்கள். ஆனால் பூனை பிறாண்டியது என்று நீங்களாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நெறி கட்டிய பிள்ளையை வைத்துக்கொண்டு டொக்டர் வேறு எதையெல்லாமோ தேடுவார்.

தெள்ளுக்கு மருந்து போடும்போது ஒரு கவனம். நாய்க்கு விற்கும் மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய் தாங்கும், பூனை வலிப்பு வந்து செத்துவிடும். அதேபோல் குட்டிக்குக் காய்ச்சல் என்று பனடோலில் கால் துண்டுகூடக் கொடுக்காதீர்கள், அது பூனைக்கு நஞ்சு. நல்ல மனதோடு கொடுத்துவிட்டு அழுதுகொண்டே கொண்டுவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பறவைக் காய்ச்சல் பற்றி: செய்தி பொய் இல்லை. 2004இல் தாய்லாந்திலேயே எச்5என்1 வந்த பூனைகளைக் கண்டார்கள். 2023இல் போலந்திலும் தென்கொரியாவிலும் வீட்டுப் பூனைகள் செத்தன. 2024இல் அமெரிக்காவில் அந்தக் காய்ச்சல் கறவை மாடுகளுக்கு வந்தபோது, காய்ச்சாத பாலைக் குடித்த தொழுவத்துப் பூனைகள் செத்தன. நான் மாட்டு டொக்டர், அந்தச் செய்தியைப் படித்த நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்கள் வீட்டுக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். கோழிக்கடையில் கிடைக்கும் தலை, குடல் எதையும் பச்சையாகப் போடாதீர்கள், அவித்துப் போடுங்கள். பாலையும் காய்ச்சிக் கொடுங்கள். செத்துக் கிடக்கும் பறவையைப் பூனை இழுத்து வந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள்.

தங்கச்சியின் விஷயத்தைத் தனியாக எழுத வேண்டும். இப்போது ஒரு மாட்டைப் பார்க்கப் போகிறேன், இரவு வருகிறேன்.

பண்டாரவளை அம்மா

டொக்டரம்மா வருவதற்குள் நான் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். இது நான் பட்டது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் முழுகாமல் இருந்தபோது என் மாமியாரும் இதையேதான் சொன்னார். என் பூனையை ஒரு லொறியில் ஏற்றிப் பழைய தேயிலை ஃபெக்டரி பக்கம் விட்டுவிட்டு வந்தார்கள். எனக்கு அழுகை, ஆனால் பிள்ளைக்காகத்தானே என்று வாயைத் திறக்கவில்லை. அந்த நாலைந்து மாதமும் நான் என்ன செய்தேன் தெரியுமா? தினமும் தோட்டத்தில் வெறுங்கையால் கரட் பிடுங்கினேன். மண்ணைச் சேலை முந்தானையில் துடைத்துவிட்டு அங்கேயே நின்று கடித்தேன். வாய்க்கு அது மட்டும்தான் பிடித்தது. ஒருவரும் தடுக்கவில்லை, பச்சைக் கரட் நல்லது என்றார்கள்.

அப்புறம் ஒரு டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். டொக்சோபிளாஸ்மா என்ற கிருமிக்கு என் உடம்பில் பழைய எதிர்ப்பு இருந்தது. எப்போதோ, அநேகமாகச் சின்ன வயதிலேயே, வந்து போயிருக்கிறது. பழையதாக இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்குப் பொதுவாகப் பயமில்லை, கர்ப்பமாக இருக்கும்போது முதல் தடவையாகத் தொற்றினால்தான் ஆபத்து என்று விளக்கினார். அப்போதுதான் கேட்டேன், பூனையைத் தடவினால் வருமா என்று. பூனையின் முடியிலிருந்து வருவது அரிது, பூனை மலம் கலந்த மண்ணிலிருந்தும், சரியாக வேகாத இறைச்சியிலிருந்தும், கழுவாத மரக்கறியிலிருந்தும்தான் அதிகம் வருகிறது என்றார். நான் முந்தானையில் துடைத்துத் தின்ற கரட்தான் என் மனதில் வந்தது.

பூனை திரும்பி வரவில்லை. ஆறு வருடம் என் காலடியில் படுத்தது. தங்கச்சியை இரத்தப் பரிசோதனைக்குக் கேட்கச் சொல்லுங்கள். செவத்தியை அனுப்பாதீர்கள்.

மாட்டு டொக்டரம்மா

பண்டாரவளை அக்கா, நான் எழுத நினைத்ததில் பாதியை எழுதிவிட்டீர்கள். மீதியைச் சேர்க்கிறேன்.

1908இலேயே கண்டுபிடித்த கிருமி இது. ஆனால் பூனையின் மலம் வழியாகத்தான் அதன் முட்டை வெளியே வருகிறது என்பது 1960களின் கடைசியில்தான் தெளிவாயிற்று. எலியையோ பறவையையோ தின்று முதல் தடவை தொற்றும்போது ஒரு பூனை ஒன்றிலிருந்து மூன்று கிழமை வரை முட்டைகளைக் கோடிக்கணக்கில் வெளியேற்றும். அதன் பிறகு அநேகமாக நின்றுவிடும். ஆறு வருடமாக எலி பிடிக்கிற செவத்திக்கு அந்தக் காலம் எப்போதோ முடிந்திருக்கும். குட்டிதான் இப்போது அந்த வயதில் இருக்கிறது.

வெளியே வந்த முட்டை உடனே தொற்றாது. அது பக்குவப்பட ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். அதனால் மலத்தைத் தினமும் அள்ளிவிட்டால் ஆபத்து நன்றாகக் குறைந்துவிடும். தங்கச்சி அள்ளக்கூடாது, நீங்களோ அண்ணனோ அள்ள வேண்டும், கையுறை போட்டுக்கொண்டு. ஒரு பழைய தட்டில் மணல் போட்டு இஸ்தோப்பு மூலையில் வைத்துப் பழக்குங்கள். பூனை பாத்தியில் போய்த் தோண்டுவது குறையும். ஈரமான குளிர்ந்த மண்ணில் இந்த முட்டை ஒரு வருடத்துக்கு மேலும் கிடக்கும். நம் மண் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும்.

லீக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. லீக்ஸுக்கு மண் அணைத்து அணைத்துத்தானே வெள்ளைத் தண்டு எடுக்கிறோம். இலை மடிப்புக்குள் மண் இறங்கியிருக்கும், மேலே கழுவினால் போகாது. நெடுக்காகப் பிளந்து மடிப்பை விரித்துக் கழுவுங்கள். அப்புறம் நன்றாக வேக வைத்தால் சாப்பிடப் பயமில்லை. தங்கச்சி இந்த மாதங்களில் பாத்தியில் கை வைக்காமல் இருப்பது நல்லது. வைக்கத்தான் வேண்டும் என்றால் கையுறையோடு வைக்கட்டும்.

செவத்தியை அனுப்பிவிட்டால் இன்னொன்றும் நடக்கும். எலி பெருகும். நம் ஊரில் எலிக்காய்ச்சலுக்குப் பஞ்சமில்லை. காலியான அந்த இடத்துக்கு வேறு ஏதோ ஒரு கடுவன் வந்து உங்கள் பாத்தியிலேயே தோண்டும். அதை நீங்கள் மருந்துக்கும் கொண்டுவர மாட்டீர்கள், தட்டுக்கும் பழக்க மாட்டீர்கள்.

லீக்ஸ் பாத்தி

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துவிட்டோம். முதல் ஊசி போட்டாயிற்று. அடுத்தடுத்த திகதிகளைத் துண்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வட்டத்தையும் காட்டினேன், படர்தாமரைதான். டியூப்பில் டொக்டரம்மா சொன்ன பெயர்தான் இருந்தது. வேறு மருந்து கொடுத்தார்கள்.

டொக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பூனை இப்போது எங்கே?" என்பதுதான். வீட்டில் கோழிக்கூட்டுக்குள் அடைத்து வைத்திருக்கிறோம் என்றேன். நல்லது, 14 நாள் கண்ணில் படும்படி வைத்திருங்கள், ஒரு மாற்றம் தெரிந்தாலும் வந்து சொல்லுங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை கழித்துப் போயிருந்தால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திருக்காது. ஐயா, நீங்கள் ஏன் கொண்டுபோக வேண்டாம் என்றீர்கள் என்று அங்கே நிற்கும்போதுதான் புரிந்தது.

அம்மாவுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. நீங்கள் எழுதுவதைச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன்.

பழைய மருந்துக்காரர்

அப்படியென்றால் அம்மாவுக்கே எழுதுகிறேன்.

அம்மா, நான் தோட்டத்து டிஸ்பென்சரியில் 34 வருடம் வேலை பார்த்தவன். பிள்ளைக்காம்பரா, லயம், மலை என்று எல்லா இடத்துக்கும் மருந்துப் பெட்டியோடு நடந்திருக்கிறேன். உங்கள் வயதுதான் எனக்கும் இருக்கும். பேரப்பிள்ளைக்காகப் பயப்படுகிறீர்கள், அந்தப் பயம் சரியான பயம்.

நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடம்தான் ஆகியிருக்கும். கொழுந்து எடுக்கிற ஒரு பெண்ணை, தேயிலைச் செடிக்குள் பதுங்கியிருந்த ஒரு பூனை கையில் கடித்துவிட்டது. யாருடைய பூனை என்று தெரியாது. எங்கேயிருந்தோ கொண்டுவந்து விடப்பட்ட பூனைகள் அந்த மலையில் எப்போதும் இருக்கும். அவள் காயத்தில் காப்பித்தூளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு அடுத்த நாள் பிரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்கு, வந்துவிட்டாள். பூனைதானே என்று என்னிடம் சொல்லவுமில்லை. ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து அவள் கணவன் ஓடி வந்தான். ஐயா, தேத்தண்ணியைக் கிட்டே கொண்டுபோனாலே நடுங்குகிறாள் என்றான். நான் போய்ப் பார்த்தேன். வாசலில் நின்று பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது, செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று. அறிகுறி வந்துவிட்டால் அந்த நோய்க்கு மருந்து கிடையாது. மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளைக்குப் பால் மறக்கவில்லை.

அந்தப் பூனையை யாராவது கட்டி வைத்திருந்தால், அது சில நாளில் நோய்ப்பட்டுச் செத்திருக்கும், நாங்கள் விழித்துக்கொண்டிருப்போம். 14 நாள் கணக்கு இதற்குத்தான். கடித்த நேரத்தில் எச்சிலில் கிருமி இருந்திருந்தால் அந்தப் பிராணி 10 நாளுக்கு மேல் சுகமாக இருக்காது. உலகத்தில் பொதுவாக 10 நாள் என்பார்கள், இங்கே இன்னும் கொஞ்சம் கூட்டி 14 என்று வைத்திருக்கிறார்கள். ஆகவே அம்மா, கோழிக்கூட்டுக்குள் இருக்கிற அந்தக் குட்டிதான் உங்கள் பேரனுக்குச் சாட்சி. சாட்சியைச் சாக்கில் கட்டிச் சந்தையில் விட்டுவிட்டால் நமக்கு யார் சொல்வார்கள்? அங்கே அது இன்னொருவரின் பிள்ளையைப் பிறாண்டினால் அந்தத் தாய்க்கு யார் சொல்வார்கள்?

தினமும் இரண்டு தடவை பாருங்கள். தின்கிறதா, குடிக்கிறதா. இருட்டில் போய்ப் பதுங்குகிறதா, காரணமில்லாமல் பாய்கிறதா, குரல் மாறுகிறதா, வாயில் நீர் வடிகிறதா, பின்காலை இழுக்கிறதா. அப்படி ஏதும் தெரிந்தால் கூட்டுக்குள் கை விடாதீர்கள், பி.எச்.ஐ.க்கு, அதாவது சுகாதாரப் பரிசோதகருக்கு, சொல்லுங்கள். செத்துவிட்டால் புதைத்துவிடக்கூடாது. தலையை ஐஸில் வைத்துக் கொழும்பில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்கலாம், அதற்கு வழி அவர்கள் சொல்வார்கள். குட்டி நன்றாக இருந்தாலும் பையனின் ஊசியை டொக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம்.

1970களின் தொடக்கத்தில் இந்த நாட்டில் வருடத்துக்கு முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இந்த நோயில் செத்தார்கள். இப்போது அது சில பத்துப் பேராகக் குறைந்திருக்கிறது. நாய்களுக்குப் போட்ட ஊசியும் ஆஸ்பத்திரியில் போடும் ஊசியும் செய்த வேலை அது. பூனையை அந்தக் கணக்கில் சேர்க்க நம் சனங்கள் மறந்துவிடுகிறார்கள். ஊசி முகாமுக்கு நாயைக் கயிற்றில் கட்டிக் கொண்டுபோவார்கள், பூனை வீட்டில் தூங்கும்.

இன்னும் ஒன்று சொல்ல ஆசை. கொக்கிப்புழுவில் ஒரு வகைக்கு நம் நாட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள், அன்சைலோஸ்டோமா சிலானிக்கம் என்று. 1911இல் இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றின் குடலிலிருந்து எடுத்துப் பெயர் வைத்தது. நாய்க்கும் பூனைக்கும் வரும், மனிதனுக்கும் வரும், வெறுங்காலில் மண்ணை மிதித்தால் தோல் வழியாகவே ஏறும். இந்தத் தோட்டங்களில் கொக்கிப்புழு நம் ஆட்களின் இரத்தத்தை எப்படிக் குடித்தது என்று பழைய ஆட்களிடம் கேட்டிருக்கிறேன். 1916இல் ரொக்ஃபெல்லர் அறக்கட்டளை ஆட்கள் தோட்டங்களுக்கு வந்து மருந்து கொடுத்துக் கக்கூஸ் கட்டச் சொன்னதே இந்தப் புழுவுக்காகத்தான். அப்போது பிடித்தது மனிதனில் வாழும் வகை. ஆனால் மருந்து ஒன்றுதான், செருப்பும் ஒன்றுதான். பையனுக்குப் பூச்சி மருந்து கொடுத்து எத்தனை மாதம்? குட்டிக்கும் கொடுக்க வேண்டும். பாத்திக்குப் போகும்போது எல்லாரும் செருப்புப் போடுங்கள். தங்கச்சிக்குப் பூச்சி மருந்து கிளினிக்கில் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

லீக்ஸ் பாத்தி | பதினைந்தாம் நாள்

ஐயா, நீங்கள் எழுதியதை அன்றைக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்க் கோழிக்கூட்டின் மேல் ஒரு தகரத்தை இழுத்துப் போட்டுவிட்டு வந்தார், மழைச் சாரல் உள்ளே அடிக்கிறது என்று. அந்தப் பெண்ணின் கடைசிப் பிள்ளை யாரிடம் வளர்ந்தது என்று இரவில் என்னிடம் கேட்டார்.

மகன் கலண்டரில் தினமும் ஒரு கோடு போட்டான். தொடக்கூடாது என்று சொல்லியிருந்ததால், கூட்டுக்கு வெளியே ஒரு பலகையில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தை அதற்குப் படித்துக் காட்டினான். இன்றைக்குப் பதினைந்தாவது கோடு. குட்டி நன்றாகத் தின்கிறது, முன்னைவிடச் சத்தமாகக் கத்துகிறது. ஊசிக்கு நாங்கள் ஒரு திகதியும் தவறவில்லை. கையில் வட்டம் மங்கிவிட்டது. அக்குளில் தினமும் தொட்டுப் பார்க்கிறேன், நெறி ஏதும் இல்லை. கம்பளியை மூன்று தடவை துவைத்தோம். மூன்றாவது தடவை காய நாலு நாள் ஆயிற்று.

தங்கச்சிக்குக் கிளினிக்கில் கேட்டு இரத்தம் எடுத்தோம். பழைய தொற்றும் இல்லை, புதியதும் இல்லையாம். அப்படியென்றால் அவள்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்று மிட்வைஃப் மிஸ் சொன்னார், பண்டாரவளை அக்கா எழுதியதை வைத்து எனக்கும் அது விளங்கியது. மணல் தட்டை அண்ணன்தான் தினமும் காலையில் அள்ளுகிறார். லீக்ஸை இப்போது பிளந்துதான் கழுவுகிறோம்.

டொக்டரம்மா, இரண்டையும் ஊசிக்குக் கொண்டுவரலாமா? குட்டியின் காது இன்னும் சரியாகவில்லை. செவத்திக்கு இனிக் குட்டி போடாமல் இருக்க ஒபரேஷனும் செய்ய முடியுமா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

மாட்டு டொக்டரம்மா

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குள் வாருங்கள் அக்கா, அப்புறம் நான் மாடு பார்க்கப் போய்விடுவேன். இரண்டையும் தனித்தனிக் கூடையில், மேலே துணி கட்டி. சாக்கு வேண்டாம், மூச்சு முட்டும். காதுக்கு மருந்து அன்றைக்குத் தருகிறேன். செவத்தியைப் பார்த்துவிட்டு ஒபரேஷனுக்கு நாள் சொல்கிறேன். பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், கூடையை அவனே தூக்கட்டும். தங்கச்சி வர வேண்டாம்.